ஈரல் வருத்தமும் எங்கள் பிள்ளைகளும்: ஒரு நீண்ட படிப்பைப் பற்றி

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், சமிபாட்டுத்தொகுதி மற்றும் ஈரல் நோய் வைத்திய நிபுணராகப் பணிபுரியும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

என்னைப் பேச அழைத்தபோது செயலாளர் ஒன்றைக் கேட்டுக்கொண்டார். “டொக்டர், நீங்கள் என்ன டொக்டர் என்று எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. வயிற்று டொக்டர் என்கிறார்கள், கமரா விடுகிற டொக்டர் என்கிறார்கள். அதைக் கொஞ்சம் விளங்கப்படுத்துங்கள்” என்றார். அதையே இன்றைய விடயமாக எடுத்துக்கொள்கிறேன். அதோடு இந்தப் படிப்புக்கு நம் கரையோரத்துப் பெண் பிள்ளைகள் ஏன் வரவேண்டும் என்பதையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

ஆங்கிலத்தில் கஸ்ட்ரோஎன்ட்ரோலஜி என்று சொல்லப்படுவது எங்கள் துறை. உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு அந்தப் படம் ஞாபகம் இருக்கும். வாயில் தொடங்கி, களம், இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல் என்று குதம் வரை போகும் குழாய் ஒன்று. அதன் பக்கத்தில் ஈரல், பித்தப்பை, சதையி. இவற்றில் வரும் வருத்தங்களைக் கண்டுபிடித்து, மருந்தாலும் குழாய்க் கருவிகளாலும் குணப்படுத்துவதே எங்கள் வேலை. வயிற்றைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சை எங்களுடையதல்ல. அதற்கு சத்திரசிகிச்சை நிபுணர்கள் வேறாக இருக்கிறார்கள். ஈரலை மட்டும் பார்ப்பது ஹெப்பற்றோலஜி என்ற தனிப் பிரிவாகவும் வளர்ந்திருக்கிறது.

வயிற்றுக்குள் கண்ணால் பார்ப்பது என்பது நெடுங்காலம் நடக்காத காரியம். 1868இல் ஜேர்மனியில் கூஸ்மவுல் என்ற வைத்தியர் வளையாத குழாய் ஒன்றை இரைப்பை வரை இறக்கிக் காட்டினார். அதை விழுங்குவதற்கு அவருக்குக் கிடைத்த ஆள், வாள் விழுங்கி வித்தை காட்டும் ஒருவர்! வளையும் கண்ணாடி இழைகளால் ஆன குழாயை அமெரிக்காவில் பசில் ஹேர்ஷோவிட்ஸ் 1957இல் செய்தபோது, அதை முதலில் தானே விழுங்கிப் பார்த்தார். இன்று உங்களுக்கு விடும் “கமரா” அதன் பேரப்பிள்ளை. அதன் முனையில் ஒரு சிறிய கமராவும் விளக்கும் இருக்கும். உள்ளே ஒரு துவாரம் இருக்கும். அதன் வழியே கருவியை அனுப்பி ஒரு துண்டுச் சதையை எடுக்கலாம், குருதி கசியும் நாளத்துக்கு இறப்பர் வளையம் போடலாம், குடலில் முளைத்த கட்டியை வெட்டி எடுக்கலாம்.

ஈரலைப் பற்றிய இன்றைய அறிவில் பெரும் பங்கு ஒரு பெண்ணுக்குச் சேரும். ஷீலா ஷேர்லொக் என்பவர் 1918இல் பிறந்தவர். பெண் என்பதால் பல மருத்துவக் கல்லூரிகள் அவரைச் சேர்க்க மறுத்தன. 1936இல் எடின்பரோ இடம் கொடுத்தது. 1941இல் அந்த வகுப்பில் முதலாவதாக வெளியேறினார். ஊசியால் ஈரலில் சிறு துண்டெடுத்துச் சோதிக்கும் முறையைப் பயன்படுத்தி ஈரல் நோய்களைப் பிரித்தறிந்தார். 1955இல் அவர் எழுதிய பாடநூல் உலகமெங்கும் படிக்கப்பட்டது. 1959இல் லண்டன் றோயல் ஃப்ரீ வைத்தியசாலையில் பேராசிரியரானார். பிரித்தானியாவில் மருத்துவப் பேராசிரியரான முதற் பெண் அவரே. பல நாடுகளிலிருந்து வந்த இளம் வைத்தியர்கள் அவரிடம் பயின்று, தங்கள் நாடுகளில் ஈரல் நோய்ப் பிரிவுகளை அமைத்தார்கள். பெண்களுக்கு இது தோதான துறையா என்று யாராவது கேட்டால், இந்தத் துறையை உருவாக்கியவர்களில் ஒருவரே பெண்தான் என்று பிள்ளைகள் சொல்லலாம்.

இனி, நம் நாட்டில் இதற்கான பாதை என்ன என்று பார்ப்போம். உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. மருத்துவ பீடத்தில் 5 வருடங்கள். ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி. அதன் பிறகு அரச வைத்தியசாலையில் சேவை. நிபுணராக விரும்புபவர், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் 1980 முதல் இயங்கும் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் தெரிவுப் பரீட்சைக்குத் தோற்றவேண்டும். தெரிவானால் முதலில் பொது மருத்துவம் படிக்கவேண்டும்: இருதயம், சுவாசப்பை, சிறுநீரகம், மூளை எல்லாம். எம்.டி. பரீட்சையில் சித்தியடைந்த பின்னரே எங்கள் துறைக்கு வரலாம். பிறகு உள்நாட்டில் பயிற்சி, வெளிநாட்டு வைத்தியசாலையில் பயிற்சி. இவை முடிந்தபின்தான் நிபுணர் என்ற சான்று. கூட்டிப் பார்த்தால் பல்கலைக்கழக வாசலில் கால் வைத்த நாளிலிருந்து 13, 14 வருடங்கள் ஓடிவிடும்.

இந்த வருடங்களில் என்ன கற்றுக்கொடுக்கிறார்கள்? முதலாவது, கைப் பழக்கம். வாய் வழியே குழாய் விடுவதில் தொடங்கி, பெருங்குடலுக்குள் விடுவது வரை, ஒவ்வொன்றையும் மூத்தவர் பக்கத்தில் நிற்கச் செய்யவேண்டும். செய்தவற்றையெல்லாம் பதிவேட்டில் எழுதவேண்டும். எத்தனை செய்தாய் என்பதோடு எவ்வளவு சரியாகச் செய்தாய் என்றும் பார்ப்பார்கள். பித்தக் குழாயில் சிக்கிய கல்லைக் குழாய் வழியே எடுப்பது எல்லாவற்றிலும் கடினம். எக்ஸ்ரே ஒளியின் கீழ், பாரமான ஈய அங்கி அணிந்து நின்று செய்யும் வேலை அது. கருவிகளின் கைப்பிடிகள் பெரும்பாலும் பெரிய கைகளுக்கு அளவெடுத்தவை. எங்களைப் போன்றவர்கள் பிடியை மாற்றிப் பழகிக்கொள்கிறோம்.

இரண்டாவது, தீர்மானம். நள்ளிரவில் ஒருவர் குருதி வாந்தி எடுத்துக்கொண்டு வருகிறார். ஈரல் சுருங்கியதால் களத்தில் வீங்கிய நாளம் வெடித்திருக்கலாம். வயிற்றுப் புண்ணாகவும் இருக்கலாம். உடனே குழாய் விடுவதா, முதலில் குருதி ஏற்றி ஆளை நிலைப்படுத்துவதா? விடிய விடாமல் செய்யவேண்டியது எது, காலை வரை பொறுக்கக்கூடியது எது? இதைப் புத்தகத்தில் படித்துவிட்டு வரமுடியாது. பல இரவுகள் மூத்தவரோடு நின்றுதான் பழகவேண்டும்.

மூன்றாவது, பேச்சு. பரீட்சையில் இதற்குப் புள்ளி குறைவு. வேலையில் இதுவே பாதி. வயிறும் ஈரலும் பேசக் கூச்சப்படும் விடயங்களோடு கலந்தவை. மலத்தில் குருதி போவதை ஒரு தாய் யாரிடம் சொல்வார்? மாதக்கணக்கில் மறைத்துவைப்பார். தார் போலக் கறுப்பாக மலம் போவது இரைப்பையில் குருதி கசிவதன் அடையாளமாக இருக்கலாம்; இரும்புச்சத்துக் குளிசை எடுப்பவருக்கும் அப்படிப் போகலாம். எது என்று பிரித்தறிய நாலு கேள்வி கேட்கவேண்டும். அந்த நாலு கேள்விக்கும் அவர் வெட்கப்படாமல் பதில் சொல்லவேண்டும். பெருங்குடல் பரிசோதனைக்குப் பெண் வைத்தியர் கிடைப்பாரா என்று கேட்டு, கிடைக்காவிட்டால் திரும்பிப் போகிற சகோதரிகளை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அப்படிப் போனவர் திரும்பி வரும்போது வருத்தம் முற்றியிருக்கும்.

இப்போது நம் கரையோரத்துக்கு வருகிறேன். கற்பிட்டியிலிருந்து பாலாவிச் சந்தி வந்து, முந்தல், உடப்பு, சிலாபம் என்று இறங்கிப் போகும் இந்தக் கரையில் நம் சனங்களின் சீவியம் கடலோடும், களப்போடும், உப்பளத்தோடும், தோட்டத்தோடும் கலந்தது. அதை அறிந்த வைத்தியர் சொல்லும் ஆலோசனைக்கும் அறியாதவர் சொல்லும் ஆலோசனைக்கும் வித்தியாசம் உண்டு. ஓர் உதாரணம் சொல்கிறேன். ஈரல் சுருங்கிய நோயாளிக்கு வயிற்றில் நீர் கட்டும். அவருக்கு மருந்து மாத்திரம் போதாது, உப்பைக் குறைக்கவேண்டும். நாள் முழுவதற்கும் எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டி அளவுக்குள். நாமோ உப்பு விளையும் ஊரில், கருவாட்டுக் குழம்போடு வளர்ந்தவர்கள். “உப்பைக் குறையுங்கள்” என்று துண்டில் எழுதிக் கொடுத்தால், சோற்றுக்கு உப்புப் போடாமல் விட்டுவிட்டு கருவாட்டையும் ஊறுகாயையும் தொடர்ந்து சாப்பிடுவார். சிலர் பயந்து மீனையும் முட்டையையும் சேர்த்து நிறுத்திவிடுவார்கள். அது இன்னும் கெடுதல். அவருடைய தசை ஏற்கெனவே உருகிக்கொண்டிருக்கிறது. அவருக்குப் புரதம் வேண்டும், படுக்கப் போகுமுன் சிறிது உணவும் வேண்டும். ஆகவே சமைப்பவரைக் கூப்பிட்டு, பச்சை மீன் தாராளமாகக் கொடுங்கள், கருவாடு வேண்டாம் என்று விளங்கச் சொல்லவேண்டும்.

நோன்பு காலம் இன்னோர் உதாரணம். ஈரல் சுருங்கியவர் நோன்பு பிடிக்கலாமா என்று கேட்பார். பிடிக்காதே என்று ஒரே சொல்லில் முடித்தால், பலர் வைத்தியருக்குச் சொல்லாமல் பிடிப்பார்கள். வருத்தம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, நீர் வெளியேறும் குளிசை எடுக்கிறாரா, முன்பு மயக்கம் வந்திருக்கிறதா என்றெல்லாம் நோன்புக்கு முன்பே இருந்து பேசவேண்டும். அந்த நோன்பு அவருக்கு எவ்வளவு பெரிது என்று தெரிந்தவர் பேசினால் அவர் கேட்பார்.

பெண்களைப் பற்றி இன்னும் ஒன்று. “நான் வாழ்க்கையில் ஒரு துளி குடித்ததில்லையே, எனக்கு ஏன் ஈரல் வருத்தம்?” என்று அழுத தாய்மார் பலர். ஊரில் ஈரல் என்றால் கசிப்பு என்றுதான் நினைக்கிறார்கள். ஆனால் ஈரலில் கொழுப்புப் படிவது குடிக்காதவருக்கும் வரும். ராகமைப் பகுதியில் 35 முதல் 64 வயது வரையானவர்களிடம் 2007இல் தொடங்கிய ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் குடியோடு தொடர்பில்லாத கொழுப்பு ஈரல் இருந்தது. உடற்பருமன், சீனி வருத்தம், கொலஸ்ட்ரோல் இவற்றோடு சேர்ந்து அது வருகிறது. பெரும்பாலானோருக்கு அது சத்தமில்லாமல் இருக்கும். சிலருக்கு வருடங்கள் போக ஈரல் சுருங்கும். உடல் நிறையில் 7 முதல் 10 வீதம் குறைத்தால் ஈரல் நன்றாகத் தேறும். 70 கிலோ எடையுள்ளவருக்கு அது 5 முதல் 7 கிலோ. இதைச் சொல்லி முடித்ததும், தான் குற்றவாளி இல்லை என்ற நிம்மதியே அந்தத் தாயின் முகத்தில் முதலில் தெரியும். இந்த நோய்க்காரி குடிக்கவில்லை என்று மாமிக்கும் கணவருக்கும் நாங்கள் எடுத்துச் சொல்லவேண்டிய சந்தர்ப்பங்களும் உண்டு.

கடைசிக் கட்டத்தில் ஈரல் மாற்று சத்திரசிகிச்சை. நம் நாட்டில் கொழும்பிலும் ராகமையிலும் அது நடக்கிறது. உயிரோடிருக்கும் உறவினர் தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுக்கலாம்; கொடுத்தவரின் ஈரல் சில மாதங்களில் வளர்ந்து நிரம்பிவிடும். என்றாலும் அது பெரிய சத்திரசிகிச்சை, ஆபத்து இல்லாதது அல்ல. இந்தியாவில் இப்படிக் கொடுப்பவர்களில் பெண்களே கூட. மனைவி, தாய், சகோதரி. அந்தப் பெண்ணைத் தனியாக இருத்தி, “தங்கச்சி, உங்களுக்கு உண்மையிலே விருப்பமா? இல்லையென்றால் சொல்லுங்கள், வெளியில் நாங்கள் பொருத்தமில்லை என்று மட்டும் சொல்வோம்” என்று கேட்கவேண்டும். அந்தக் கேள்வியை மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டால் சரிவராது. அதுவும் மொழிபெயர்ப்பவர் அவருடைய மைத்துனராக இருந்தால் அவர் என்ன பதில் சொல்வார்?

மருத்துவம் தமிழ் வழியே போகவேண்டும் என்ற எண்ணம் இந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் 60க்கும் மேற்பட்டோரை வைத்தியராகப் பயிற்றினார். பின்னாளில் தமிழிலேயே கற்பித்தார். மேல்நாட்டு மருத்துவ நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். ஊராருக்கு ஊர் மொழியில் வைத்தியம் செய்யவேண்டும் என்பதற்காக அவர் பட்ட பாடு அது. இன்று மருத்துவப் படிப்பு முழுவதும் ஆங்கிலத்தில் நடக்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் படித்துவிட்டு வந்து, செங்கமாரிக்கு கீழ்க்காய்நெல்லி குடித்துக்கொண்டிருக்கும் ஆச்சியோடு பேசக்கூடியவர் வேண்டும். செங்கமாரி பல காரணங்களால் வரும், பித்தக் குழாய் அடைபட்டதாலும் வரும், முதலில் சோதிப்போம் என்று அவரைக் கோபப்படுத்தாமல் சொல்லத் தெரிந்தவர் வேண்டும்.

புத்தளம் ரயில் பாதை ராகமைச் சந்தியில்தான் பிரிகிறது. அந்த ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடமும், ஈரல் நோய்க்குப் பேர்பெற்ற போதனா வைத்தியசாலையும் இருக்கின்றன. இவ்வளவு காலமும் நம் சனங்கள் அந்த வழியால் நோயாளிகளாகவே கூடுதலாகப் போயிருக்கிறார்கள். பிள்ளைகளும் அந்த வழியால் படிக்கப் போகவேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு. அந்த 16இல் புத்தளமும் ஒன்று. ஆகவே கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் உயர்தர உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றுக்கும் தமிழில் படிப்பிக்க ஆசிரியர் கிடைக்காத பாடசாலைப் பிள்ளை அந்தக் கதவு வரை எப்படி நடப்பாள்?

பெண் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் கேட்பது, “14 வருடமா? கலியாணம் எப்போ?” என்று. ஒரு நேர்முகத்தில் என்னிடமும், பிள்ளை பெறும் எண்ணம் உண்டா என்று கேட்டார்கள். பக்கத்தில் இருந்த ஆண் வைத்தியரிடம் அதைக் கேட்கவில்லை. நான் படிக்கும்போதே கலியாணமும் நடந்தது, பிள்ளைகளும் பிறந்தார்கள். உம்மாமாரும் மாமிமாரும் மாறி மாறிப் பிள்ளை பார்த்தார்கள். அந்த உதவி இருந்தால் முடியும், இல்லாவிட்டால் மிகவும் கஷ்டம். இதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. 2022 நெருக்கடிக்குப் பிறகு பல வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போனதையும் அறிவீர்கள். போனவர்களை நான் ஏசமாட்டேன். ஊரோடு வேர் உள்ள பிள்ளைகள் அதிகம் படித்தால், திரும்பி வருபவர்களும் அதிகம் இருப்பார்கள் என்பது என் நம்பிக்கை.

சங்கத்திடம் மூன்று கேட்கிறேன். ஒன்று, உயர்தர விஞ்ஞான வகுப்புக்கு நிரந்தர உதவி: ஓய்வுபெற்ற ஆசிரியர்களை மாதச் சம்பளத்துக்கு அமர்த்தலாம், ஆய்வுகூடத்துக்கு வேண்டியதை வாங்கலாம். இரண்டு, உயர்தரம் எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் மாதங்களில் அந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கில வகுப்பு. முதல் வருடத்தில் பிள்ளைகள் தடுமாறுவது பாடத்தில் அல்ல, மொழியில். மூன்று, லண்டனிலும் மெல்பேர்னிலும் டொரொன்ரோவிலும் இருக்கும் பழைய மாணவிகளுக்கு: வெளிநாட்டுப் பயிற்சிக்கு வரும் நம் ஊர் வைத்தியப் பிள்ளைக்கு முதல் மாதம் தங்க ஓர் அறை கொடுங்கள். முதற் சம்பளம் கைக்கு வரும்வரை அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும்.

உங்களுக்காகவும் சில வார்த்தை. சாப்பாடு விழுங்கக் கஷ்டம், காரணமில்லாமல் மெலிவு, மலத்தில் குருதி அல்லது கறுப்பு நிறம், கண் மஞ்சள்: இவற்றில் எதையும் மறைக்கவேண்டாம். வெற்றிலை, பாக்கு, புகையிலை வாய்க்கு மட்டுமல்ல, களத்துக்கும் கேடு. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் வளர்ந்தவர் ஒரு தடவைக்கு இரண்டு குளிசை, ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு எட்டைத் தாண்டக்கூடாது; டெங்குக் காலத்தில் இதைக் கட்டாயம் ஞாபகம் வையுங்கள். ஹெப்பற்றைற்றிஸ் பி தடுப்பூசி 2003இலிருந்துதான் நம் நாட்டுக் குழந்தைகளுக்குப் படிப்படியாகக் கொடுக்கப்பட்டது. அதற்கு முன் பிறந்தவர்கள், குறிப்பாக வைத்தியசாலைகளில் வேலை செய்பவர்கள், போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மேடையின் முன்வரிசையில் உயர்தர வகுப்புத் தங்கைமார் இருக்கிறீர்கள். உங்களில் யாருக்காவது இந்தப் படிப்பில் விருப்பம் வந்தால், கூட்டம் முடிந்ததும் வந்து என்னோடு கதையுங்கள். என் தொலைபேசி இலக்கம் சங்கச் செயலாளரிடம் இருக்கிறது.